மொய்க்கு ஒரு கோடு, படத்துக்கு ஒரு கோடு: விருந்தினர் எடுத்த கல்யாணப் படங்களைச் சேர்க்க எந்த வழி?

தாலி கட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றி இரண்டு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், லைட் பிடிக்கும் பையன் என்று ஒரு வளையம் நின்றுவிடுகிறது. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது அவர்கள் முதுகுதான். இருந்தாலும் அட்சதை போட்ட கையோடு எல்லாரும் போனைத் தூக்குகிறார்கள். அப்படி எடுத்ததில் முக்கால்வாசி முதுகுப் படங்கள்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிச்சக் கால்வாசி இருக்கிறதே, அது ஸ்டூடியோ ஆல்பத்தில் வரவே வராது. முதல் நாள் ராத்திரி காய் நறுக்கிக்கொண்டே அத்தைமார் அடித்த அரட்டை, மாப்பிள்ளை அழைப்பில் தவில்காரருக்கு எதிரே வாயைப் பிளந்து நின்ற குழந்தை, இரண்டாம் தடவை பாயசத்துக்கு இலையைக் காட்டும் பெரியப்பா. இதையெல்லாம் எடுப்பது சொந்தக்காரர்களின் போன்தான்.

எடுத்தவர்களிடமிருந்து வாங்குவதுதான் பெரும்பாடு. ‘வீட்டுக்குப் போய் அனுப்பறேன்’ என்பார்கள். மறுவீடு முடியும். சிங்கப்பூர்க்காரர்கள் திருச்சியில் விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்த முகூர்த்தத்தில் இன்னொரு கல்யாணம் வந்து, பழைய படங்கள் போனுக்குள் அடியில் போய்விடும். இதற்காகத்தான் மண்டபத்தில் ஒரு கியூஆர் கோடு ஒட்டி, ‘ஸ்கேன் செய்து உங்கள் படங்களை அனுப்புங்கள்’ என்று எழுதும் வழக்கம் டெல்டா பக்கமும் வந்திருக்கிறது.

கோட்டில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தார் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய கட்டம் அது. நம் காரியத்துக்கு அதில் இருக்கப்போவது ஓர் இணைய முகவரி, அவ்வளவுதான். அந்த முகவரியில் எது இருக்கிறது என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப் குழு, கூகுள் ஆல்பம், படிவம், காசு வாங்கும் சேவை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

செயலியைப் பற்றி யோசிப்பதற்கு முன் வேறொன்றை முடிவு செய்ய வேண்டும். ஒருவர் அனுப்பும் படத்தை மற்ற விருந்தினர்கள் பார்க்கலாமா, கூடாதா? பார்க்கலாம் என்றால் அது பொது ஆல்பம். கூடாது என்றால் அது கோயில் உண்டியல் மாதிரி: யாரும் போடலாம், திறந்து பார்ப்பது வீட்டுக்காரர் மட்டும்தான். இந்த ஒன்றைத் தீர்த்துவிட்டால் பாதி வழிகள் தானாகக் கழிந்துவிடும்.

நான் உண்டியல் கட்சி. காரணம் தொழில்நுட்பம் இல்லை, சம்பந்தி வீடு. பொது ஆல்பத்தில் பெண் வீட்டுப் படம் நானூறு, மாப்பிள்ளை வீட்டுப் படம் நாற்பது என்று யாராவது எண்ணாமல் இருப்பார்களா? மண்டபத்துக்குப் பின்னால் சித்தப்பாக்கள் ஆடிய ஆட்டத்தை ஒரு பொடியன் ஏற்றிவிடுவான், அதை முதலில் பார்ப்பவர் சம்பந்தியம்மாவாக இருப்பார். சீர்வரிசைத் தட்டுகளையும் பெண்ணின் கழுத்து நகையையும் கிட்டத்தில் எடுத்த படங்கள், யார் கையில் இணைப்பு இருக்கிறது என்றே தெரியாத ஆல்பத்தில் கிடப்பதும் நல்லதில்லை. மணமகள் அறையில் அலங்காரம் நடக்கும்போது எடுத்தவை வேறு. எல்லாம் உண்டியலில் விழட்டும். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பிரித்த பிறகு, நல்லதாக ஒரு முந்நூறைப் பொது ஆல்பமாகப் பகிரலாம். ஊரெல்லாம் சேர்ந்து பார்க்கும் சந்தோஷம் ஒரு வாரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழு

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். குழுவின் அழைப்பு இணைப்பைக் கோடாக மாற்றி ஒட்டினால் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், சாதாரணக் கல்யாணத்துக்கு அது போதும். யாருக்கும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

கெடுதல்கள் மூன்று. சேர்ந்தவர்களின் எண் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிகிறது. கல்லூரிப் பெண் பிள்ளைகள் இதற்காகவே சேர மாட்டார்கள். அடுத்து, படங்களோடு வாழ்த்து அட்டை, ரோஜாப்பூ, ‘இனிய காலை வணக்கம்’ எல்லாம் வரும், ஒரே படம் ஐந்து பேர் வழியாகவும் வரும். மூன்றாவது தரம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1,600 பிக்சலுக்குக் குறைத்துவிடுகிறது. நாலுக்கு ஆறு பிரின்ட் போட அது போதும். ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு விரித்தால் மொழுமொழுவென்று தெரியும். 2023-ல் வந்த ஹெச்டி வசதியைத் தொட்டு அனுப்பினால் நிலைமை நன்றாகத் தேறும், ஆனால் அதிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் மட்டும் எடுத்தது எடுத்தபடி வரும், 2 ஜிபி வரை. படம் எடுத்த தேதியும் நேரமும் சாதாரணமாக அனுப்பும்போது கழன்றுவிடுவதால், மாப்பிள்ளை அழைப்பும் பந்தியும் கலந்து கிடக்கும். டாக்குமென்ட்டாக வந்தால் அந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி மாமாவுக்கு விளக்குவதற்குள் இன்னொரு பந்தி முடிந்துவிடும்.

ஒரே எண்ணுக்கு வாட்ஸ்அப்

இதைப் பலர் யோசிப்பதில்லை, எனக்குப் பிடித்தது இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு நேரே அரட்டையைத் திறக்கும் இணைப்பு உண்டு. டபிள்யூஏ டாட் எம்இ என்ற முகவரி, ஒரு சாய்கோடு, 91 சேர்த்த எண், இவ்வளவே. இதைக் கோடாக மாற்றினால் ஸ்கேன் செய்தவர் முன் அரட்டைப் பெட்டி திறக்கும்; படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடலாம். குழு இல்லை, ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, ஒருவர் படத்தை இன்னொருவர் பார்க்க முடியாது. உண்டியல்தான், ஆனால் அறுபது வயதுக்காரருக்கும் பழகிய உண்டியல்.

வீட்டில் யாருடைய சொந்த எண்ணையும் இதற்குக் கொடுக்காதீர்கள், பெண்களின் எண்ணை நிச்சயமாகக் கூடாது. சுவரில் ஒட்டிய எண் எங்கெல்லாமோ போகும். மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, புதிதாக ஒரு சிம், இரண்டு மாத ரீசார்ஜ், போதும். உள்ளே இடம் 64 ஜிபியாவது இருக்கட்டும். வந்த படங்கள் போனிலேயே சேர்ந்துவிடும், ஓய்வான நாளில் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். தரம் குறையும் சிக்கல் இங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு ஒரு வழி பின்னால் சொல்கிறேன்.

கூகுளின் மூன்று வழிகள்

கூகுள் போட்டோஸில் பகிர்ந்த ஆல்பம் திறந்து, மற்றவர்களும் படம் சேர்க்க அனுமதித்து, இணைப்பைக் கோடாக்கலாம். 20,000 படம், வீடியோ வரை ஏற்கும். பார்ப்பதற்கு அழகு, தேதிவாரியாகத் தானே அடுக்கிக்கொள்ளும். ஆனால் விருந்தினர் ஏற்றும் படம் அவருடைய கணக்கின் இடத்தில்தான் கணக்காகும். ஒரு கூகுள் கணக்குக்கு இலவசமாக 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் எல்லாப் படமும் அந்தக் கணக்கில் சேருவதால் பாதிப் பேருக்கு ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வந்து பல மாதம் ஆகியிருக்கும். அவர்களால் ஏற்ற முடியாது. இன்னொன்று, ஏற்றியவர் தன் போட்டோஸிலிருந்து படத்தை அழித்தாலோ ஆல்பத்தைவிட்டு விலகினாலோ உங்கள் ஆல்பத்திலிருந்தும் அது போய்விடும். வந்த உடனே ‘சேமி’ கொடுத்து உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதோடு இது பொது ஆல்பம். மேலே சொன்ன சம்பந்திக் கதை முழுதும் இதற்குப் பொருந்தும்.

கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரை ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்று திறந்துவைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். திருத்தும் அனுமதி உள்ளவர் மற்றவர் படத்தையும் அங்கிருந்து எடுத்துவிடலாம். வேண்டுமென்று செய்ய மாட்டார்கள். மடியில் குழந்தை இருக்கும்போது போன் யார் கையில் இருக்கிறதோ, அவர் செய்துவிடுவார்.

கூகுள் ஃபார்ம்ஸ்தான் இவற்றில் உருப்படி. படிவத்தில் கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்று வைத்தால், வருவது எல்லாம் நேரே உங்கள் டிரைவில் தரம் குறையாமல் விழும். மற்றவர் பார்க்க முடியாது. பெயர், எந்த ஊர், யார் வழிச் சொந்தம் என்று கேட்டும் வைக்கலாம், பின்னால் அடையாளம் கண்டுபிடிக்க உதவும். ஒரு கேள்விக்குப் பத்துக் கோப்புதான். வேண்டுமென்றால் அதே கேள்வியை இரண்டு மூன்று தரம் வைக்கலாம். படிவம் மொத்தமாக வாங்கும் அளவு முதலில் 1 ஜிபி என்றுதான் இருக்கும். அமைப்பில் போய் அதைக் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் வீடியோக்கள் வந்ததுமே வாசல் அடைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு முள் இருக்கிறது. கோப்பு ஏற்ற வேண்டுமானால் விருந்தினர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் எல்லாருக்கும் கணக்கு இருக்கும்தான். ஆனால் மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ போன் வாங்கிய அன்றைக்குக் கடைப் பையன் போட்டுக் கொடுத்த கணக்கு அது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை கேட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது.

இடத்தையும் பார்த்துவிடுங்கள். 200 பேர், ஆளுக்கு 25 படம், ஒரு படம் 4 எம்பி என்றாலே 20 ஜிபி. வீடியோ தனி; ஒரு நிமிட வீடியோ சாதாரணமாக நூறு எம்பியைத் தொடும். இலவச 15 ஜிபி காணாது. 100 ஜிபி மாதத்துக்கு 130 ரூபாய் அளவில் கிடைக்கிறது, இரண்டு மாதம் வாங்கிவிட்டு நிறுத்திவிடலாம். கல்யாணச் செலவில் இதெல்லாம் ஒரு செலவா?

டிராப்பாக்ஸும் காசு வாங்கும் சேவைகளும்

டிராப்பாக்ஸில் ‘கோப்புக் கோரிக்கை’ என்று ஒன்று உண்டு. அனுப்புபவருக்குக் கணக்கே வேண்டாம், மற்றவர் படம் தெரியாது, தரம் குறையாது. உண்டியலின் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இலவசக் கணக்கில் 2 ஜிபிதான், நலங்குக்கே அது காலி. காசு கட்டும் கணக்கு ஏற்கெனவே வைத்திருக்கும் ஐடி பிள்ளை வீட்டில் இருந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

கல்யாணத்துக்கென்றே நடத்தப்படும் கட்டணச் சேவைகள் நிறைய வந்துவிட்டன. ஸ்கேன் செய்தால் பிரவுசரில் ஒரு பக்கம், மணமக்கள் பெயர், ‘படம் சேர்’ என்று ஒரு பொத்தான். கணக்கு, செயலி எதுவும் வேண்டாம். துபாய் அண்ணனுக்கும் கிராமத்து அக்காவுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பது இதன் பெரிய பலம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை: எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், அசல் தரத்திலேயே சேமிக்கிறார்களா, மொத்தமாக ஒரே தடவையில் இறக்கிக்கொள்ள முடியுமா, விருந்தினர் ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்தி வைக்க முடியுமா. விலையை டாலரில் போட்டிருப்பவர்கள் பலர், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை உங்கள் கார்டு அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த படங்களை உடனுக்குடன் எல்இடி திரையில் ஓடவிடும் வசதியை விற்பனையாளர் ரொம்பப் பெருமையாகச் சொல்வார். முன்கூட்டியே பார்த்து அனுமதிக்க ஓர் ஆளை உட்கார வைக்காமல் அதைத் திறக்கவே வேண்டாம்.

ஐபோன்காரர்கள் ஐகிளவுட் பகிர்வு ஆல்பம் என்பார்கள். ஆண்ட்ராய்டுக்காரர் அதில் படம் சேர்க்க முடியாது. நம் ஊருக்கு அடுத்ததைப் பேசலாம்.

சில ஸ்டூடியோக்களே இப்போது ஒரு கோடு தருகின்றன. ஸ்கேன் செய்து செல்பி எடுத்தால், அவர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் உங்கள் முகம் உள்ளதை மட்டும் பொறுக்கித் தரும். நல்ல வசதி. ஆனால் அது கொடுக்கும் கோடு, நாம் பேசிக்கொண்டிருப்பது வாங்கும் கோடு. ‘ஸ்டூடியோவில் கியூஆர் உண்டாம்’ என்று வீட்டில் யாராவது நிம்மதியாக இருந்தால், எந்தத் திசை என்று கேட்டுவிடுங்கள். விருந்தினர் முகத்தை ஒரு நிறுவனத்திடம் கொடுக்கும் வேலை என்பதால், விருப்பப்பட்டவர்கள் மட்டும் செய்யட்டும்.

மண்டபத்தில் நடப்பது

எந்த வழியை எடுத்தாலும் இங்கே இருக்கும் முதல் குழப்பம் மொய். டீக்கடையிலிருந்து பூக்கடை வரை கட்டம் என்றால் பணம் என்று பழகிப்போன ஊர் இது. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீது கொடுப்பதும் பழைய செய்தி ஆகிவிட்டது. ஆகவே சுவரில் கோட்டைப் பார்த்ததும் விருந்தினர் ஜிபேயையோ போன்பேயையோ திறந்துதான் காட்டுவார். அந்த ஸ்கேனர் எதிர்பார்ப்பது பணக் கோட்டை. இணைய முகவரியைக் காட்டினால் பெரும்பாலும் செல்லாத கோடு என்று சொல்லிவிடும். ‘கோடு வேலை செய்யல’ என்ற பேச்சு பந்திக்கு முன்னால் மண்டபம் முழுக்கப் பரவிவிடும். அதனால் கோட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் ‘இது மொய்க்கு இல்லை, போட்டோ அனுப்ப’ என்றும், கீழே ‘போன் கேமராவில் காட்டவும்’ என்றும் போடுங்கள். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். சாப்பாட்டு மேசை அட்டையில் நாலு சென்டிமீட்டர் போதும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இருபது சென்டிமீட்டர். வெள்ளையில் கறுப்புதான் நல்லது, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். மெரூன் அட்டையில் தங்க ஃபாயிலில் கோடு அடித்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக் கேமராவுக்குப் பிடிபடாது. முகவரி சின்னதாக இருந்தால் கட்டங்களும் குறைவாக இருக்கும், பழைய போனிலும் சீக்கிரம் பிடிக்கும். நடுவில் மணமக்கள் படம் வைக்க ஆசையா? கோடு உருவாக்கும்போது பிழைதிருத்தம் (error correction) என்ற அமைப்பை உச்ச அளவில் வைத்தால், சுமார் 30 சதவீதம் வரை மறைந்தாலும் கெட்டாலும் படிக்கும். ஆனால் கட்டங்கள் நெருங்கிவிடும். எனக்குத் தேவையாகத் தெரியவில்லை.

கோடு உருவாக்கித் தரும் இலவசத் தளங்களில் ‘டைனமிக்’ என்று கொடுப்பதில் கவனம். அந்தக் கோடு முதலில் அவர்கள் தளத்துக்குப் போய், அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்கு வரும். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்டு நிறுத்திவிடுபவர்கள் உண்டு; அச்சடித்த அட்டை வீணாகும். ‘ஸ்டாட்டிக்’ கோட்டில் உங்கள் முகவரியே நேராக இருக்கிறது, காலாவதி கிடையாது. குரோம் பிரவுசரிலேயே எந்தப் பக்கத்துக்கும் அப்படி ஒரு கோடு எடுக்கலாம்.

நெட் இன்னொரு பாடு. வயலுக்கு நடுவே இருக்கும் மண்டபத்தில் ஆயிரம் பேர் கூடினால், அந்தப் பக்கத்துக்கு இருக்கும் ஒரு டவர் திணறும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வாங்குபவர்கள் மண்டபத்தில் வீடியோ ஏற்ற மாட்டார்கள், ராத்திரி வீட்டில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் செய்வார்கள். அதனால் நான் கோட்டுக்குக் கொடுக்கும் முதல் இடம் தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை பாக்கோடு உள்ளங்கை அளவு சீட்டு ஒன்று. ‘பதினைந்து நாளைக்குள் அனுப்பலாம்’ என்று அதில் எழுதிவிடுங்கள். பை கொடுக்கும் மேசையில் அக்கா பையன் ஒருவனை நிறுத்தினால், முடியாதவர்களுக்கு அங்கேயே அவனே செய்து கொடுப்பான். சுவர் பேனர் எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்திரிகையில் மட்டும் அச்சடிக்க வேண்டாம், வராதவர் கைக்கும் போகும், ஒரு மாதம் முன்பே முடிவு செய்தும் ஆக வேண்டும்.

கோயிலில் கல்யாணம் என்றால் கதையே வேறு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்டது. சுவாமிமலையிலோ வேறு சன்னதியிலோ முகூர்த்தம் வைப்பவர்கள் அங்கே என்ன நடைமுறை என்று முன்பே கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு மண்டபத்துக்கு மட்டும் கோடு வைத்தால் போதும்.

சரி, எதை எடுப்பது?

ஐந்நூறு பேருக்கு மேல், பெரியவர்கள் அதிகம், ஊர் மண்டபம் என்றால் ஒரே எண் வாட்ஸ்அப்பைக் கோடாகப் போடுங்கள். அதோடு, நல்ல போன் வைத்துக்கொண்டு விடாமல் எடுக்கும் பத்திருபது பேரைக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு மட்டும் கூகுள் ஃபார்ம்ஸ் இணைப்பைத் தனியாக அனுப்புங்கள். முழுப் பக்க ஆல்பத்துக்குப் போகும் அளவு தரமான படங்கள் பெரும்பாலும் அந்தக் கைகளிலிருந்துதான் வரும். தரப் பிரச்சினைக்கு நான் சொன்ன வழி இதுதான்.

தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி ஊரில் வரவேற்பு, வருபவர்களில் பாதி அலுவலக, கல்லூரி நண்பர்கள் என்றால் ஃபார்ம்ஸ் ஒன்றே போதும். வெளிநாட்டிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள், செலவு ஒரு பொருட்டில்லை என்றால் கட்டணச் சேவை. கணக்கு கேட்காத வசதிக்கு அந்தக் காசு தகும். அறுபது எழுபது பேர் மட்டும் கூடும் கோயில் கல்யாணத்துக்குக் கோடே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்க’ என்று அத்தை ஒருவர் இரண்டு தடவை சொன்னால் வந்துவிடும்.

எதை எடுத்தாலும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டிலேயே மிகப் பழைய போனையும் வயதான ஆளையும் வைத்து ஒரு படம் அனுப்பிப் பாருங்கள். பிறகு பதினைந்து நாள் கெடு முடிந்ததும் படிவத்தை மூடி, வந்ததை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, சம்பந்தி வீட்டுக்கு ஒரு பிரதி என்று எடுத்துவிட்டு, அந்த சிம்மையும் நிறுத்திவிடலாம்.